முப்பத்தொரு பேரும் பதினொரு தொட்டிகளும்

பால் சேர்க்காத பிளேன்டி வந்துவிட்டது. மோகனராஜ் அதில் சீனி போட மாட்டார். இடது உள்ளங்கையில் ஒரு கரண்டிச் சீனியைக் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு, மறுபடி ஒரு நக்கு என்று ஏழெட்டு நிமிடம் போகும். அதுவரை மவுஸ் சும்மா கிடக்கும். திரையில் ஒரு மணப்பெண் ஒரு கண்ணில் மட்டும் மையோடு காத்திருப்பாள்.

பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் கைச்சீனிப் பழக்கத்தில் அதிசயம் ஒன்றுமில்லை. அவர் சொல்லும் காரணம்தான் அதிசயம்.

“கலக்கிட்டா கலக்குனதுதாங்க. சீனி கூடிப்போச்சுன்னு வைங்க, எங்கிட்டுப் போயி எடுக்கிறது? கையில இருந்தா வேணும்னா நக்கலாம், வேணாம்னா கழுவிறலாம்.”

வயது நாற்பத்தேழு. கண்டி கொட்டுகொடல்லை வீதியில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்கும் படிக்கட்டின் முடிவில் இருக்கிறது அந்த ஸ்டூடியோ. பத்தொன்பது வருடமாக அங்கே படம் திருத்துகிறார். திருத்துகிறார் என்று சொன்னால் மூக்கு சிவந்துவிடும். “திருத்துறதுக்கு நான் என்ன வாத்தியாரா? இருக்கிறதுக்கு மேல ஒண்ணு வைக்கிறேன், அவ்வளவுதான்” என்பார்.

உண்மையும் அதுதான். அவர் தொழிலில் ஒரே ஒரு சட்டம்: வந்த படத்தைத் தொடக் கூடாது. வந்த படம் எல்லாவற்றுக்கும் அடியில், பூட்டுப் போட்டபடி, எடுத்த நாளில் இருந்த மாதிரியே கிடக்கும். முகத்தை வெளுப்பாக்க வேண்டுமா? அதன் மேல் கண்ணாடித் தாளைப் போல ஒரு லேயரை விரித்து, அதில் ஒரு ஃபில்டரைப் போடுவார். முகத்துக்கு மட்டும் வேண்டும், சேலைக்கு வேண்டாம் என்றால் அந்த லேயருக்கு ஒரு மாஸ்க். மாஸ்கில் கறுப்பைப் பூசினால் அந்த இடம் மறையும். வெள்ளையைப் பூசினால் திரும்பி வரும். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் வரைந்திருக்கும். அதைத் தட்டினால் லேயர் தூங்கிவிடும், மறுபடி தட்டினால் விழித்துக்கொள்ளும். இப்படி ஒரு மணப்பெண்ணுக்கு அறுபது எழுபது லேயர் அடுக்கி, அறுபதையும் தூங்கவைத்துக் காட்டுவார். அடியில் அந்தப் பெண் வியர்த்து வடிந்து, பசியோடு, தன் சொந்த நிறத்தில் நிற்பாள். “பாத்தீங்களா? ஒண்ணும் ஆகல. பத்திரமா இருக்காங்க” என்பார், ஏதோ அவர்தான் காப்பாற்றி வைத்திருப்பதைப் போல.

இந்தச் சட்டத்தை ஸ்டூடியோவோடு நிறுத்தியிருந்தால் அவர் மனைவி யசோதா இவ்வளவு நொந்திருக்க மாட்டார். வீட்டு நாட்காட்டியில் தாளைக் கிழிப்பதில்லை. முடிந்த நாளை மேலே மடித்து ஒரு கிளிப் குத்துகிறார். டிசம்பர் வரும்போது அந்த நாட்காட்டி, சுவரில் ஆணி தாங்காத கனத்தில், தொண்டை வீங்கியதைப் போலத் தொங்கும். முடி வெட்டப் போனால் கதிரையில் உட்காருமுன் நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்கிறார். எதற்கு என்று சலூன்காரர் கேட்டதற்கு, “ஒரிஜினல் இருக்கணும்ல?” என்றாராம். கடிதம் வந்தால் உறையைக் கிழிக்காமல், கேத்தல் ஆவியில் காட்டித் திறக்கிறார். மின்சாரப் பில்லுக்கும் அதே மரியாதை.

யசோதா பேராதனை ஆஸ்பத்திரியில் கிளார்க். நாள் முழுக்க நோயாளிகளின் கோப்புகளோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு கோப்பு உட்கார்ந்திருக்கிறது என்பார். “இந்த மனுசன்கூட நிம்மதியா ஒரு சண்டை போட முடியாதுங்க. ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல தலதீபாவளி அன்னைக்கு நான் சொன்னத இன்னைக்கும் எடுத்து முன்னால வைப்பாரு. கோவமா வச்சா பரவால்ல. ‘இதையும் சொன்னே, பத்திரமா இருக்கு’ம்பாரு.”

தொழில் என்று வந்தால் கண்டியில் அவரைத் தள்ளிவிட்டு இன்னொருவரைச் சொல்ல முடியாது. குறிப்பாக மரண அறிவித்தல் படங்கள். செத்தவருக்குப் பெரும்பாலும் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் இருக்கும். பிள்ளைகள் அதைக் கொண்டுவந்து, “அப்பாவுக்கு ஒரு கோட்டு போட்டு விடுங்க” என்பார்கள். மோகனராஜிடம் ஒரு கோட்டு உண்டு. 2009இல் ஒரு வங்கி மனேஜரின் படத்திலிருந்து எடுத்த சாம்பல் நிறக் கோட்டு. கண்டி மாவட்டத்தில் அதற்குப் பிறகு காலமான ஏறக்குறைய நானூறு ஆண்கள் அந்த ஒரே கோட்டில்தான் காலமானார்கள். தோள் அகலமானவருக்குக் கொஞ்சம் இழுப்பார், ஒல்லியானவருக்குக் கொஞ்சம் ஒடுக்குவார். அந்த வங்கி மனேஜர் இன்னும் உயிரோடு இருக்கிறார். கடைத்தெருவில் சந்தித்தால் மோகனராஜ் மரியாதையாக ஒதுங்கி நிற்பார்.

அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகளிடம் கோட்டின் கண்ணைத் தட்டிக் காட்டுவார். கோட்டு மறையும், அப்பா தன் மங்கிய கட்டம் போட்ட சட்டையில் வருவார். “கோட்டுக்குள்ள அவரு சட்டை அப்படியே இருக்குங்க. நான் தொடல.” இதைக் கேட்டதும் ஏனோ எல்லோருக்கும் அழுகை நின்றுவிடும்.

ஸ்டூடியோ முதலாளி முஹ்ஸின், எல்லோருக்கும் அண்ணன் முறையில் ‘நானா’, நல்ல மனிதர். ஆனால் கணினியின் வயிறு நிறைவதைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. “மோகன், கலியாணம் முடிஞ்சி, படம் குடுத்தும் முடிஞ்சி. இன்னும் என்னத்துக்கு இதெல்லாம் வச்சீக்கிறீங்க? எல்லாத்தையும் ஒரே படமா அமத்தி வைங்களேன், எடம் மிச்சம்” என்று மாதத்துக்கு ஒருமுறை கேட்பார். அடுக்கை அமத்தி ஒரே படமாக்கினால் பிறகு எதையும் பிரிக்க முடியாது. மோகனராஜ் கொலை செய்யச் சொன்னவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். நானா போய் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வருவார்.

போன மாதம் நானாவுக்கு வேறொரு யோசனை வந்தது. “கஸ்டமர்மார் சும்மா குந்திக்கிட்டு ஈக்கிறாங்க. நீங்க செய்யிற வேலைய அவங்களும் பார்க்கோணும்” என்று நாற்பத்து மூன்று அங்குல டீவி ஒன்றை மோகனராஜின் தலைக்குப் பின்னால் சுவரில் பூட்டிவிட்டார். மோகனராஜின் திரையில் இருப்பது அத்தனையும் அதில் தெரியும். அது முதுகுப் பக்கம் இருப்பதால் இவருக்கு அடிக்கடி மறந்துபோகும். ஒரு மாப்பிள்ளையின் மூக்கு முடியை டீவி முழுக்கப் பெரிதாக்கி, பெண் வீட்டார் எட்டுப் பேர் பார்த்திருக்க, ஒவ்வொன்றாக மறைத்தார். அந்தக் கல்யாணம் எப்படியோ நடந்தது.

இனி, பெரியதம்பி முதலாளியின் கோப்பு. முஹ்ஸின் நானாவின் தூக்கத்தைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான்.

பெரியதம்பிக்குக் கடுகண்ணாவையில், மெயின் ரோட்டில் டயர் கடை. அறுபத்து மூன்று வயது. மலை இறங்கும் லொறிகளின் தயவில் நன்றாக இருக்கிறார். கோபம் வந்தால் கையை ஓங்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். கண்டிக்கு பஸ் ஏறி மோகனராஜிடம் வருவார். ஒரே மகள் நிரோஷாவின் கல்யாணம் 2017இல் நடந்தது. அதன் குரூப் படத்தில் முப்பத்தொரு பேர். அந்தப் படம் அவர் வீட்டு ஹோலில், உள்ளே நுழைகிறவர் முகத்தில் அடிக்கிற மாதிரிப் பெரிதாகத் தொங்குகிறது. சொந்தத்தில் யாரோடு சண்டை வந்தாலும் அவர் அந்தச் சுவரிலிருந்து இறங்கியாக வேண்டும்.

முதலில் போனவர் மைத்துனர். பாயாசத்தில் ஆளுக்கு ஒரு முந்திரிதான் இருந்தது என்று யாரிடமோ சொல்லிவிட்டார். “அவனைத் தூக்கிருங்க மோகன்” என்று வந்து நின்றார் பெரியதம்பி. தூக்கிவிட்டால் அந்த இடம் பல்லுப் போன வாய் மாதிரி இருக்குமே? கல்யாண மண்டபத்தில் படத்தின் ஓரமாக ஒரு தொட்டிச் செடி நின்றது. அகலமான இலை, பித்தளை நிறத் தொட்டி. மோகனராஜ் மைத்துனருக்கு ஒரு மாஸ்க் போட்டு மறைத்து, அந்த இடத்தில் அந்தச் செடியைப் பிரதி எடுத்து நிறுத்தினார். நாலு மாதத்தில் சமாதானம். கண்ணைத் தட்டினார், மைத்துனர் அதே சிரிப்போடு எழுந்து வந்தார்.

அதன் பிறகு அது ஒரு நடைமுறையாகிவிட்டது. ஒரு தங்கை மூன்று முறை செடியாகித் திரும்பினார். ஒரு சித்தப்பா ஒன்றரை வருடம் செடியாகவே இருந்தார். எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒன்றை இடம் வலம் மாற்றி, இன்னொன்றை ஃபில்டர் போட்டுக் கொஞ்சம் பழுக்கவைத்து, மூன்றாவதை வாடவைத்து, ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் தனித்தனியாக ஒரு செடியே வைத்திருக்கிறார். சொந்தத்துக்குள் கிணற்றில் பங்கு கேட்டுப் பிரச்சினை வந்த வருடத்தில் ஒரே நாளில் பதினொரு பேர் போனார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், கல்யாணம் பூந்தோட்டத்திலா நடந்தது என்று கேட்டார்கள். தீபாவளி நெருங்க நெருங்கச் செடிகள் குறையும். பொங்கல் கழிந்ததும் மறுபடி முளைக்கும்.

புதிய பிரதியை ஃபிரேமில் போடும்போது பழையதை எறியக் கூடாது, அதன் மேலேயே இதை வையுங்கள் என்று மோகனராஜ் சொல்லியிருக்கிறார். பெரியதம்பியின் வீட்டு ஃபிரேம் இப்போது ஒரு அங்குலத் தடிப்பு.

இந்தத் தொழிலில் மோகனராஜ் தனக்கென்று இரண்டு நியமங்கள் வைத்திருந்தார். ஒன்று, அந்தக் குடும்பத்தில் யார் வந்து யாரைத் தூக்கச் சொன்னாலும் முதலில் எல்லோரையும் எழுப்புவார். முப்பத்தொரு கண்ணையும் தட்டி, முழுக் குடும்பத்தையும் நிறுத்திக் காட்டி, “முழுசாப் பாத்துட்டுச் சொல்லுங்க” என்பார். பார்த்துவிட்டு, தூக்கச் சொல்லாமலே எழுந்து போனவர்களும் உண்டு. இரண்டாவது, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதில்லை. ஒருமுறை வழியில் கண்ட பெரியதம்பியின் தங்கையிடம், “நீங்க தை மாசத்துல இருந்து செடியாத்தாங்க இருக்கீங்க” என்று சும்மா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். கிணற்றுப் பிரச்சினை அப்படித்தான் கிணற்றைத் தாண்டிப் போய்ப் பதினொரு பேரானது. அதற்குப் பிறகு வாயைத் திறப்பதில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை மழையோடு மழையாக நிரோஷா வந்தாள். கையில் குடை, முகத்தில் அழுது முடித்த களைப்பு.

“மோகன் அண்ணே, சனிக்கிழமை இரவு ஃப்ளைட். அவரும் நானும் மெல்பன் போறோம். இங்கிட்டு வர நாலஞ்சு வருசமாகும். அந்தக் குரூப் படத்த எனக்கு ஒண்ணு போட்டுத் தாங்க.” குடையை மடக்கினாள். “அப்பாவத் தூக்கிட்டு.”

மோகனராஜ் உள்ளங்கைச் சீனியைக் கீழே வைக்க இடமில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“போறோம்னு ஃபெமிலி குரூப்புல போட்டு மூணு வாரம்ணே. சித்தப்பா, அத்தை எல்லாரும் வாழ்த்துப் போட்டாங்க. அப்பா ஒரு வார்த்தை போடல. போன் எடுத்தாலும் போக மாட்டேங்குது. எத்தன மணிக்கு ஃப்ளைட்டுன்னு கூடக் கேக்கல. ஒரு மனுசன் அதக் கூடவா கேக்க மாட்டாரு?”

இந்த இடத்தில் மோகனராஜுக்குத் தெரிந்த ஒரு விஷயம் நிரோஷாவுக்குத் தெரியாது. பெரியதம்பி அந்த வாட்ஸ்அப் குரூப்பில் இல்லை. அவர் போடும் காலை வணக்கப் படமொன்றுக்கு மைத்துனர் சிரிக்கிற முகம் போட்டார் என்று, ‘பெரியதம்பி குடும்பம்’ என்ற பெயருள்ள அந்தக் குரூப்பிலிருந்து பெரியதம்பியே வெளியேறிவிட்டார். இதை அவரே இங்கே வந்து பெருமையாகச் சொன்னார். இதைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் பாதிக் கோபம் இறங்கிவிடும் என்று மோகனராஜுக்குத் தோன்றியது. வாய் வரைக்கும் வந்தது. பதினொரு தொட்டிகள் நினைவுக்கு வந்தன. விழுங்கிவிட்டார்.

எல்லோரையும் எழுப்பினார். நிரோஷா பார்த்தாள். முகம் இளகவில்லை. “தூக்குங்க” என்றாள்.

“தங்கச்சி, ஒரு சிக்கல். படத்துல அப்பா ஒங்க பின்னால நிக்கிறாரு. வலது கை ஒங்க தோள்ல இருக்கு. ஆளத் தூக்கினா கையயும் தூக்கணும். தோள்ல சேலை மடிப்பப் புதுசா வரையணும். அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல.”

நிரோஷா திரையில் அந்தக் கையைப் பார்த்தாள். சிவப்புக்கல் மோதிரம், மணிக்கட்டில் தடித்த வெள்ளிப் பட்டிக் கடிகாரம், டயர்க் கறுப்பு போகாத நகங்கள். கீழே தெருவில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்து ஓய்ந்தது.

“கை இருக்கட்டும்ணே.”

“செடியில இருந்து கை வந்த மாதிரி இருக்குமேம்மா.”

“இருக்கட்டும். நாளன்னைக்கு வந்து எடுத்துக்கிறேன்.”

பத்தொன்பது வருடத்தில் கை முளைத்த செடியை மோகனராஜ் செய்ததில்லை. மனம் ஒப்பவில்லை. ஆனாலும் செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டுமே. இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து, முழங்கை இருந்த இடத்தில் இரண்டு இலையைத் தாழ்த்தி, சட்டைக் கையை இலைக்குள் ஒளித்து, கை தோளில் விழுத்தும் நிழலை அதே நிறத்தில் போட்டு முடித்தார். முடித்துப் பார்த்தபோது, ஒரு தொட்டிச் செடி மணப்பெண்ணின் தோளில் பாசமாகக் கை வைத்து நின்றது. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அன்றிரவு அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். யசோதா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பெரியதம்பி.

வழக்கமாக வந்தால் முதலில் தண்ணீர் கேட்பார். அன்று கேட்கவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்து முழங்கால் இரண்டிலும் கையை ஊன்றிக்கொண்டார்.

“மோகன், நிரோஷாவத் தூக்கணும்.”

மணப்பெண்ணையே தூக்கச் சொன்னவர் அதுவரை யாருமில்லை.

“மறைக்கிறது கிறைக்கிறது எல்லாம் வேணாம். நீங்க மறைப்பீங்க, நான் நாலு மாசத்துல மனசு மாறி வந்து நிப்பேன். இந்த வாட்டி அது நடக்கக் கூடாது. அழிக்கணும். நானே வந்து கால்ல விழுந்தாலும் திரும்பி வரக் கூடாது. முஹ்ஸின் பாய் சொல்வாரே, ஒரே படமா அமத்திறதுன்னு. அதப் பண்ணுங்க.”

“முதலாளி, நான் அப்படி…”

“பெத்த புள்ள வெளிநாடு போறா. எனக்கு யாரு சொன்னது தெரியுமா? கண்டி பஸ் கண்டக்டர். மிச்சக் காசக் குடுத்துட்டு, ‘மகள் போறாங்களாமே, சந்தோசம்’ங்கிறான். பஸ்ஸே என்னையப் பாக்குது. ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கா. அப்பனுக்குச் சொல்லல. அன்னைக்கே, அவ கூப்பிட்டாலும் வராத மாதிரி நம்பரையும் போன்ல நிப்பாட்டிட்டேன்.”

மோகனராஜின் நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்தின் கதையும் அவர் மடியில் கிடக்கிறது. ஒரு பக்கத்தை எடுத்து மறு பக்கத்தில் வைத்தால் போதும், சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. வைக்கக் கூடாது என்பது அவர் போட்டுக்கொண்ட நியமம். இன்னொரு பக்கம், பத்தொன்பது வருடமாக ஒரு படத்தையும் அமத்தாத மனிதரிடம், ஒரு கல்யாணப் பெண்ணை அமத்தச் சொல்கிறார்கள். நேரத்தை இழுக்க ஒரே வழி தொழில் பேசுவதுதான்.

“அப்படியே தூக்க முடியாதுங்க முதலாளி. ஒங்க கை அவங்க தோள்ல இருக்கு. அவங்க போயிட்டா கை அந்தரத்துல நிக்கும்.”

“வெட்டுங்க.”

“கையவா?”

“முழங்கையோட வெட்டுங்க. எனக்கு இன்னொரு கை இருக்கு.”

சரி, முதலில் எல்லோரையும் எழுப்பிக் காட்டுவோம், முழுசாகப் பார்த்தால் இறங்கி வருவார் என்று மோகனராஜ் கோப்பைத் திறந்தார். அது பெரிய கோப்பு, திறக்க ஒன்றரை நிமிடம் பிடிக்கும். திறந்தால் கடைசியாக மூடிய நிலையில்தான் திறக்கும். அதாவது செவ்வாய்க்கிழமை நிலையில். இது அவருக்குத் தெரியாததில்லை. தன் திரை தன் பக்கம்தானே இருக்கிறது, ஒவ்வொரு கண்ணாகத் தட்டி எழுப்பிவிட்டுப் பிறகு திருப்பிக் காட்டலாம் என்பதுதான் எப்போதும் செய்வது. தலைக்குப் பின்னால் நாற்பத்து மூன்று அங்குலம் தொங்குவதை மறுபடியும் மறந்தார்.

“அது என்னது?” என்றார் பெரியதம்பி.

மோகனராஜ் நிமிர்ந்தார். பெரியதம்பி இவரைப் பார்க்கவில்லை, இவர் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் இவருக்கு டீவி நினைவுக்கு வந்தது.

“அந்தச் செடி நிக்கிற எடத்துல நான்ல நின்னேன்?”

மோகனராஜ் எந்தக் கண்ணை முதலில் தட்டுவது என்று மவுஸால் தேடினார்.

“என்னையவா? என்னைய யாரு மறைச்சது?” பெரியதம்பி எழுந்துவிட்டார். “மச்சானா? இல்லையே, அவன் இருக்கானே. தங்கச்சியும் இருக்காளே. எல்லாரும் இருக்காங்க.” ஒவ்வொரு முகமாக விரலால் எண்ணிக்கொண்டு போனவரின் விரல் மணப்பெண்ணிடம் வந்து நின்றது. “அவளா?”

மோகனராஜ் மேசை மேலிருந்த சீனிக் கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

பெரியதம்பி வாங்கில் உட்கார்ந்தார். எட்டு வருடத்தில் எத்தனையோ பேரைச் செடியாக்கியவர், அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். பிறகு, ஏதோ ஒரு குற்றம் கண்டுபிடித்தால் ஆறுதலாக இருக்கும் என்பதைப் போலக் கேட்டார்:

“கைய விட்டுட்டீங்களே மோகன். மறந்துட்டீங்களா?”

இத்தனை நேரம் வாயைக் கட்டி வைத்திருந்த மனிதருக்கு இதுதான் பொறுக்கவில்லை.

“மறக்கிறதா? நானா?” மோகனராஜ் கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். “ரெண்டு மணித்தியாலம் ஒக்காந்து அந்தக் கைக்கு நெழல் போட்டேன் முதலாளி! மோதிரக் கல்லுக்குத் தனியா லேயர் வச்சிருக்கேன். எலையக் கொண்டாந்து சட்டக் கைய மூடியிருக்கேன், நல்லாப் பாருங்க! எடுத்துறவான்னு நான் கேட்டேன். செடியில இருந்து கை வந்த மாதிரி இருக்கும்னும் சொன்னேன். கை இருக்கட்டும்னு அவங்கதான் சொன்னாங்க!”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. நியமம் உடைந்துவிட்டது. உடைந்தது உடைந்ததுதான் என்று மிச்சத்தையும் கொட்டினார். “குரூப்புல நீங்க இருக்கீங்கன்னு அவங்க நெனச்சிக்கிட்டிருக்காங்க முதலாளி. மூணு வாரமா அப்பா ஒரு வார்த்தை போடலன்னு அழுவுறாங்க. எத்தன மணிக்கு ஃப்ளைட்டுன்னு கூடக் கேக்கலன்னு சொல்றாங்க. போன் எடுத்தாலும் போகலங்கிறாங்க. நீங்கதான் நிப்பாட்டி வச்சிருக்கீங்களே, எப்படிப் போகும்?”

பெரியதம்பி எழுந்து டீவிக்குக் கிட்டப் போனார். முகத்தை அந்தத் தோளுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். அதே மோதிரம், அதே கடிகாரம், அதே நகம். திரையில் அந்தக் கை இலைகளுக்குள்ளிருந்து வந்து, எடுத்த நாளில் வைத்த மாதிரியே, மகள் தோளில் படிந்திருந்தது.

“நான் வெட்டச் சொன்னேன்” என்றார், யாரிடமோ.

பிறகு சட்டைப் பையில் கைவிட்டுப் போனை எடுத்தார். எதையோ அழுத்தினார், வேறெதையோ அழுத்தினார், டோர்ச் எரிந்தது. அணைக்கத் தெரியாமல் அப்படியே மோகனராஜிடம் நீட்டினார்.

“இதுல அவளத் தூக்கி வச்சிருக்கேன். திரும்ப எப்படி எடுக்கிறது?”

மோகனராஜ் வாங்கி, டோர்ச்சை அணைத்து, நிறுத்திவைத்த எண்களுக்குள் போனார். அங்கே பதினான்கு பேர் இருந்தார்கள். நிரோஷாவைத் தேடி எடுத்து, விடுவித்து, அழைப்பையும் போட்டு, போனைப் பெரியதம்பியின் காதில் வைத்தார். மணி போனது. ஒரு முறை, இரண்டு முறை. மூன்றாவதில் யாரோ எடுத்தார்கள்.

பெரியதம்பி போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். இரண்டு தரம் செருமினார்.

“நிரோஷா… அப்பா பேசுறேன். எத்தன மணிக்கும்மா ஃப்ளைட்டு?”

வெளியே போகலாம் என்றால் பெரியதம்பி பேசிக்கொண்டே போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மோகனராஜ் தன் கதிரையில் உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல் தன் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டார். படத்தில் பின்வரிசையின் கடைசி மூலையில் நின்ற மேளக்காரரின் சட்டைப் பொத்தானை எண்ணூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினார். டீவி முழுவதும் ஒரே ஒரு பொத்தான் நின்றது. அதில் ஒரு குறையும் இல்லை. புதிதாக ஒரு லேயரை விரித்து, இல்லாத தூசியை அவர் ஒவ்வொன்றாக, மெதுவாகத் துடைக்கத் தொடங்கினார்.